ஜன்னலில் நிழல்வலை

ஃபுகுவோகா, மே 10

தேயிலைத் தோட்டமே கதியென்று கிடப்பவருக்கு,

முதலில் நல்ல சேதி. கீமோவும் ஒளி சிகிச்சையும் சேர்ந்து என் மார்புக் கட்டியைப் பாதியாகச் சுருக்கிவிட்டன. மீதியை ஜூனில் எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர்.

ஒளி சிகிச்சைக்காகப் போட்ட மருந்து உடம்பில் இருக்கும்வரை வெயில் ஆகாது என்றதும், கொழுந்துக்குப் போடும் கருப்பு நிழல்வலையைக் கொண்டுவந்து என் ஜன்னலில் கட்டிவிட்டுப் போனீர்களே! மூன்று வாரமாக நர்ஸ் குவாபரா கேலி செய்கிறாள்.

"வலை போட்டு மூடினா தேயிலை இனிக்குமாமே, நீங்க இனிச்சீங்களாக்கா?"

"எங்க? வாய்தான் நீண்டிருக்கு" என்றேன்.

மருந்து உடம்பை விட்டுப் போய்விட்டதா என்று பார்க்க, நேற்று அவள் காகிதப் பையில் காசளவு ஓட்டை போட்டு, என் கையை உள்ளே விட்டு, பத்து நிமிடம் வெயிலில் காட்டச் சொன்னாள். ஓட்டை வழியே வெயில் பட்ட இடத்தையே இன்று காலைவரை பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவே இல்லை.

"இனிமே தாராளமா வெளிய போலாம்க்கா" என்றாள். கொஞ்சம் அழுதேன். அது உங்களுக்கு வேண்டாத விஷயம்.

என் கிமோனோக்கள் யார் யாருக்கு என்று எழுதிக் கொடுத்தேனே, அந்தச் சீட்டை அடுப்பில் போடுங்கள்.

வருகிற திங்கள், வலையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு மதிய பஸ்ஸில் வருகிறேன். குடையோடு வந்து நிற்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி