உன் அம்மாவுக்கு நான் காட்டிய சிவப்புக் கொடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். குட்டிக்குச் சளி விட்டதா? ஞாயிற்றுக்கிழமை நீ போனில் போட்டி எப்படி நடந்தது என்று கேட்டபோது, உங்கப்பாவையே கேட்டுக்கோ என்று சொல்லி அம்மா போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாளே, நானும் ஏதோ சொல்லி மழுப்பினேனே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது, உனக்கே தெரியும்.

முதலில் போட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். டிரையத்லான் என்று பேர். ஏரியில் நீச்சல், ரோட்டில் சைக்கிள், ஏரிக்கரையில் ஓட்டம், ஒன்று முடிந்த கையோடு அடுத்தது. பேர் வாயில் நுழையாமல் நம் ஆட்களுக்கு அது மூணு ஓட்டம் ஆகிவிட்டது. பெரிய கம்பெனி எதுவும் கிடையாது, எல்லாம் நம் நாலு தெரு ஜனங்கள்தான். பிளம்பர் பழைய பைப்புகளை வளைத்து சைக்கிள் நிறுத்த ஸ்டாண்டு செய்து கொடுத்தார், கொஞ்சம்கூட ஆடவில்லை. போட்டிக் குழுச் செயலாளர் நம் தையல்கார அம்மா, ஓடுகிறவர்கள் மார்பில் கட்டிக்கொள்ளும் எண் துணி எல்லாம் அவர் மெஷினில் தைத்ததுதான். பல் டாக்டர் விடிந்ததிலிருந்து படகில் உட்கார்ந்து தண்ணீரில் தெரிந்த தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தார். மைக் பிடித்தது சலூன்காரர், கடையில் அவருக்குக் கத்தரியைவிட வாய்தான் அதிகம் ஓடும், இங்கே அது உபயோகப்பட்டது. நம் வீட்டில் நாலு பேர் ஊருக்குக் கிளம்பினாலே எவ்வளவு கூச்சல், அங்கே முந்நூறு பேர், யாரும் யாரையும் அதட்டவில்லை. போட்டி முடிந்த பிறகு தரையில் ஒரு வாழைப்பழத் தோல்கூடக் கிடக்கவில்லை, நானே சுற்றிப் பார்த்தேன்.

நான் ரயிலில் கார்டாகக் கொடி பிடித்தே வயிறு வளர்த்தவன் என்பதால் என்னை மெயின் ரோடு முனையில் நிறுத்தினார்கள். ஒன்பது மணிவரைதான் அந்த ரோடு நமக்கு, அப்புறம் பஸ்ஸும் லாரியும் வந்துவிடும். ஒன்பதுக்கு நான் சிவப்புக் கொடி தூக்கிவிட்டால் பிறகு வரும் சைக்கிள் எதுவும் ரோட்டில் ஏறக்கூடாது, அவர்களுக்குப் போட்டி அதோடு முடிந்தது. போன வருஷம் பாவம் பார்த்து இரண்டு பேரை விட்டார்கள், அதில் ஒரு வாத்தியாரை வேன் இடித்துவிட்டது, மனுஷர் இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். இனிமேல் ரோட்டைத் தர மாட்டோம் என்று கடைக்காரர்கள் எல்லாரும் சொன்னபோது, கூட்டத்தில் எழுந்து, கொடி தூக்கினால் தூக்கினதுதான், யாராக இருந்தாலும் விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான்தான். அதற்கு மறுவாரம்தான் உன் அம்மா பேர் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவள் தண்ணீரைக் கண்டால் பின்வாங்குகிறவள். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வாண்டுகளோடு வாண்டாக நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். நான் கேலி பண்ணினேன். வார்டில் இத்தனை வருஷமா மணி அடிச்சா ஓடினேன், ஒரு தடவையாவது யாரும் கூப்பிடாம ஓடணும் என்றாள். அதற்குப் பிறகு நான் கேலியை விட்டுவிட்டேன்.

அன்றைக்கு ஏரியைப் படகைத் தொடாமலே கடந்துவிட்டாள், பல் டாக்டர் என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். கரையேறும்போதே நேரமாகிவிட்டது, அதுதான் வினை. ஒன்பது அடித்தது, கொடியைத் தூக்கினேன். தூக்கிய கை தூக்கியபடி இருக்க, பேக்கரி திருப்பத்தில் அவள் வருகிறாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு, நம்ம ஆள்தானே நிற்கிறார் என்று. ரோட்டில் இன்னும் ஒரு வண்டிகூட வரவில்லை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் நல்ல மனுஷர், வேறு பக்கம் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். எனக்குக் கை இறங்கவில்லை. இறங்கு என்று மட்டும் சொன்னேன். அவள் இறங்கினாள். எண் துணியைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு சந்து வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்து வேலை முடிந்து மைதானத்துக்குப் போனால், நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருக்கிறார்கள், ஏரிக்கரையில் ஒற்றை ஆளாக இவள் ஓடி வருகிறாள். எண் இல்லாமல் யார் வேண்டுமானாலும் கரையில் ஓடலாம், அதில் தப்பில்லை. சலூன்காரர் மைக் ஒயரைச் சுற்றி வைத்துவிட்டதால் வெறும் வாயாலேயே கத்தினார். தையல்கார அம்மா தண்ணீர் கொடுத்தார், பழம் கொடுத்தார், மெடல் கொடுக்கவில்லை. அதுவும் சரிதான்.

அப்புறம் இரண்டு நாள் சாப்பாடு எடுத்து வைத்ததைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். வாக்காவது ஒன்றாவது, கொடியை இறக்கியிருக்கலாமோ என்று எனக்கே சாப்பாடு இறங்கவில்லை. நேற்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "அடுத்த வருஷமும் அந்த முனையில நீங்களே நில்லுங்க. வேற யாராவது நின்னா பாவம் பார்த்து விட்டுருவாங்க."

சரி என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத் துணியை நானும் மடித்தேன், கண்ணு.

மாப்பிள்ளையைக் கார் பிரேக்கைப் பார்க்கச் சொல், தள்ளிப்போட வேண்டாம். நீயும் வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். அம்மாவோடு பேசும்போது எனக்காக வக்காலத்து வாங்காதே, அவள் கட்சியிலேயே இரு. நானும் இப்போது அதே கட்சிதான்.

இப்படிக்கு,
உன் அப்பா