மெர்சியிடம் போகிற பிள்ளைகள்

பிப்ரவரி 10, செவ்வாய்

மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகளின் இன்-பிளான்ட் ட்ரெய்னிங் ரிப்போர்ட் வந்துவிட்டது. ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் பதினைந்து நாள் போய்ப் பார்த்து எழுத வேண்டியது. என் வகுப்பில் வழக்கம்போல சீனியர் எழுதினதை எடுத்துப் பேரை மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒருத்தன், கம்பெனிக்காரன் போன வருஷமே இடித்துவிட்ட பெயின்ட் ஷாப்பைச் சுற்றிப் பார்த்தானாம்! எல்லாரையும் திட்டி, திருத்தி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

ஆறு வருஷமாகக் காலேஜில் காப்பியைக் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டுகிறவள் நான்தான். காப்பியடிப்பதைத் தடுக்க பிரின்சிபால் ஒரு கமிட்டி போடப் போகிறார். தலைவியாக வேறு யாரைப் போடுவார்?

பிப்ரவரி 12, வியாழன்

பக்கத்து வகுப்பு டீச்சர் மெர்சியின் பிள்ளைகளில் ஒருத்தர்கூட மாட்டவில்லை. கோபால் என்று ஒருத்தன் மட்டும் இன்னும் கொடுக்கவில்லையாம்.

போன ஜூனில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். மணிமங்கலத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள். வாரா வாரம் டிராஃப்ட் வாங்கிப் படிக்கிறாளாம். யாருடையதை எடுத்தாலும் அவர் பேரைப் போடச் சொல்லித் தருகிறாளாம். சாப்பாட்டு நேரத்தில்கூட அவள் மேசையைச் சுற்றிக் கூட்டம். என்கிட்ட கையெழுத்து வேணும்னாதான் வருதுங்க. வயித்தெரிச்சல்தான் எனக்கு. இருந்துட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 13

அவளே எழுதிக் கொடுக்கிறாளோ?

பிப்ரவரி 16, திங்கள்

மாட்டினான்! பிள்ளைகள் ஏற்றுகிற டிராஃப்ட் எல்லாம் சாஃப்ட்வேரில் எனக்குத் தெரியும். கோபாலின் முதல் டிராஃப்டில் பாதிக்கு மேல் போன வருஷத்து ரிப்போர்ட். பிரின்ட் எடுத்து நேரே பிரின்சிபாலிடம் போனேன். மெர்சியைக் கூப்பிட்டார்.

"ஆமா சார், அவனே வந்து சொல்லிட்டான்" என்றாள். வடக்குப்பட்டுப் பையன், கான்ட்ராக்டில் நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு பாதி நாள் ட்ரெய்னிங்குக்கே போகவில்லையாம். இவள் கம்பெனியில் பேசி மறுபடி அனுப்பியிருக்கிறாள். புதிதாக எழுதுகிறானாம். பிரின்சிபால் என் பிரின்ட்டைத் திருப்பித் தந்தார்.

அவனே வந்து சொன்னானாம். என்கிட்ட இந்த ஆறு வருஷத்துல ஒண்ணு வந்து சொல்லியிருக்கா? எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன் — ஒருத்தர்? ஏன் வரல? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

பிப்ரவரி 20, வெள்ளி

சர்க்குலர் வந்தது. தலைவி மெர்சி. உறுப்பினர்களில் மூன்றாவதாக என் பேர். ஸ்வீட் கொண்டுவந்து நீட்டினாள். சிரித்துக்கொண்டே வாங்கினேன். பாவி, நல்ல ஸ்வீட்டாகவே வாங்கியிருக்கிறாள்.

மார்ச் 3, செவ்வாய்

மதியம் பூமாரி வந்து நின்றாள். என் வகுப்பு, படப்பையிலிருந்து வருகிற பெண். திருத்திய ரிப்போர்ட்டை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"மேடம், நீங்க செக் பண்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். மூணாவது சாப்டர் இன்னும் நான் எழுதல. சீனியர் அக்கா எழுதுனது."

என்னிடம், ஒருத்தி, தானாக!

"மெர்சி மேடம்கிட்டதான் மொதல்ல போனேன். உங்க மேடம்கிட்டயே சொல்லு, அவங்க கேட்டுப்பாங்கன்னாங்க."

கேட்டுப்பாங்களாம். அவளுக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்? சுருக்கென்றது. ஆனாலும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். காலேஜ் பஸ் ஹாரன் அடிக்கிற வரைக்கும் தான் பார்த்த அசெம்பிளி லைனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு பேசுகிற பெண் என்று எனக்குத் தெரியாது.

நாளைக்கும் வரட்டுமா என்றாள். வா என்றேன். மெர்சி மேடத்திடம் சொல்ல வேண்டாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.