வாடை இல்லை

மார்ச் 3

அத்தானுக்கு,

ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வீட்டு விசேஷங்களுக்கு வந்தேன், அக்கா போட்டதைச் சாப்பிட்டேன், உங்கள் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினேன். ஏன் என்று நீங்களும் கேட்கவில்லை.

நூலகம் ஒன்று மூடியபோது, அங்கிருந்த பதினாறு மில்லிமீட்டர் பிலிம்களை மொத்தமாக வாங்கினீர்கள். அதில் கலங்கரை விளக்கம் பற்றிய படத்தை என்னிடம் விற்றீர்கள். "பிரிண்ட் சுத்தம், மாப்ளே. கண்ணை மூடிட்டு வாங்கு" என்றீர்கள். டப்பாவைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசனை தூக்கியது. உருண்டை கரைந்த பிறகுதான் அடியிலிருந்த வினிகர் நெடி தெரிந்தது. பிலிம் கெட ஆரம்பித்தால் அப்படித்தான் நாறும். பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதே அலமாரியில் இருந்த முப்பத்தொரு சுருள்களைத் தூக்கி எறிந்தேன். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன் இப்படி ஏமாந்தேன் என்று யாரிடம் சொல்வது?

இப்போது சேகரிப்பையே விற்கிறீர்களாம். பட்டியல் வேறொருவர் மூலமாக என் கைக்கும் வந்தது. நூற்று நாற்பது படங்களுக்கும் எதிரே "வாடை இல்லை". நல்ல துணிச்சல்.

பன்னிரண்டாம் எண், ரயில் பாலம் கட்டும் படம். இருபது வருடமாக நான் தேடுவது உங்களுக்குத் தெரியும். அதை வாங்கியே தீருவேன். ஆனால் டப்பாவை நானே திறந்து முகர்ந்து பார்த்த பிறகுதான். நாள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தம்பி

மார்ச் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உன் அக்காவும் நலம். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து என்னோடுதான் சரியாகப் பேசுவதில்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. எனக்கு வாசனை தெரியாது. வார்னிஷ் பட்டறையில் மேற்பார்வை பார்த்த காலத்திலேயே மூக்கு போய்விட்டது. வெளியே சொன்னால் என்னிடம் யார் பிலிம் வாங்குவார்கள்? மற்றவர்கள் டப்பாவை முகர்வதைப் பார்த்து நானும் முகர்வேன், தலையாட்டுவேன். அப்படியே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. பாச்சை உருண்டையைப் போட்டவள் உன் அக்கா, பூச்சிக்காக.

நேற்று அவளிடம் சில டப்பாக்களைக் கொடுத்து முகரச் சொன்னேன்.

"புளிச்ச நெடிதான் வருது. பிலிம்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். ரொம்ப வருஷமா இந்த ரூமே இப்படித்தானே" என்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்களுக்கும் மூக்கு இருக்கேன்னு விட்டுட்டேன். அடுப்புல பால் தீஞ்சாக்கூட மனுஷன் ஏன் அசையலைன்னு இப்பத்தான் புரியுது."

பன்னிரண்டாம் எண்ணும் புளிக்கிறதாம். அதை உனக்கு விற்க மாட்டேன். மீதியில் எது தேறும், எது தேறாது என்று பிரிக்க அவளுக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு எனக்கு வேறு ஆளும் இல்லை. வருவாயா?

அன்புடன்,
அத்தான்

மார்ச் 14

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை நம்பவில்லை. அடுத்த முறை கோபம்தான் வந்தது. மூக்கு இல்லை, சரி, வாய் இருந்ததே? எனக்கும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அந்த முப்பத்தொரு சுருள்களை மறந்துவிடுவேன் என்று நினைக்க வேண்டாம்.

ஞாயிறு காலை வருகிறேன். பட்டியல் அனுப்பிய எல்லோருக்கும் அதற்குள் நீங்களே எழுதிவிடுங்கள்: இப்போதைக்கு எதுவும் விற்பனைக்கு இல்லை, எனக்கு வாசனை தெரியாது என்று. சுற்றி வளைக்க வேண்டாம். டப்பாக்களை முன்னறைக்குக் கொண்டுவந்து ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஆறேழு டப்பாவுக்கு ஒருமுறை வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு வருவேன், இல்லையென்றால் மூக்கு பழகிவிடும். மாலை வரை ஆகும். தேறாதவை அன்றே வீட்டைவிட்டுப் போக வேண்டும். கெஞ்சக் கூடாது. அக்காவும் உங்களுக்காகப் பரிந்து பேசக் கூடாது. இப்போதைக்குப் பேச மாட்டாள் என்று தெரிகிறது.

பன்னிரண்டை மட்டும் ஓரமாக வையுங்கள். நெடி வந்த பிலிமும் சுருங்குகிற வரை ஓடும். புரொஜெக்டரைத் துடைத்து எண்ணெய் போட்டு வையுங்கள். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம். நீங்களும் உட்காருங்கள். பிறகு நானே அதைக் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன்.

கீழே என்ன எழுதுவது என்று அரைமணி நேரமாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "அன்புடன்" என்று எழுதக் கை வரவில்லை. வேறு எதுவும் எழுத மனம் வரவில்லை. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.