அமரவிளை – நூற்றெண்பது

அனுப்புநர்:
ய. நேசையன்,
கல்லூரிப் பௌதிக ஆய்வுக்கூட டெமான்ஸ்ட்ரேட்டர்,
பாறசாலை.

பெறுநர்:
எல்லைக் கிளர்ச்சி வழக்குகளுக்கான தனி அலுவலர் அவர்கள்,
முகாம்: நெய்யாற்றின்கரை.

பொருள்: என் ஆராய்ச்சி நோட்டிலுள்ள ஓர் எண்ணை ஆள்கணக்காகக் கொண்டு, அமரவிளை காலஞ்சென்ற சுயம்பு மீது எழுதப்பட்ட குற்றத்தை நீக்கவும், நான் கொடுத்த வாக்குமூலத்தைத் திருத்திப் பதியவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இரு வேறு உலோகங்களை இரண்டு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாக்கி மறு முனையைக் குளிர வைத்தால் மின்சாரம் பிறக்கும். ஒரு டிகிரி சூட்டு வித்தியாசத்துக்கு எத்தனை மைக்ரோவோல்ட் கிடைக்கிறது என்பதைச் சீபெக் எண் என்போம். மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டைக் கொண்டே ஒரு ரேடியோவைப் பாட வைக்க வேண்டும் என்ற ஆசையில், எந்த உலோகக் கலவைக்கு இந்த எண் அதிகம் என்று ஐந்து ஆண்டுகளாக என் வீட்டில் அளந்து வருகிறேன். இதில் அரசியல் எதுவும் இல்லை.

2. உலோகத்தில் கலந்திருக்கும் அழுக்கைப் பொறுத்து இந்த எண் மாறும். ஆகவே ஒவ்வொரு துண்டையும் அது கிடைத்த ஊரின் பெயராலேயே குறித்து வந்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: காட்டாக்கடை 12. பனச்சமூடு 40. அமரவிளை (சுயம்பு) 180. மைக்ரோவோல்ட் என்ற அலகை எழுதவில்லை. அலகு எழுதாத மாணவனுக்கு மதிப்பெண் குறைத்து, நாலு பேர் முன்னால் கேலியும் செய்கிறவன் நான் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

3. சுயம்பு அமரவிளையில் பழைய சாமான் வாங்கி விற்றவர். தீர்ந்துபோன டார்ச் பேட்டரிகளின் துத்தநாகக் கூடுகளை எனக்காகச் சாக்கில் சேர்த்துக் கொண்டுவருவார். அவற்றை ஆன்டிமனி என்ற உலோகத்தோடு உருக்கியபோதுதான் நூற்றெண்பது கிடைத்தது. மகிழ்ச்சியில் அவரிடம் எண்ணைச் சொன்னேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம அமரவிளைக்கு நூத்தியெம்பது உண்டு, கேட்டியளா? பனச்சமூட்டுக்கு வெறும் நாப்பதாக்கும்!" என்று ரோட்டோரச் சாயாக்கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்திருக்கிறார்.

4. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு இணைக்கக் கேட்டுச் சென்ற ஆண்டு ஆகஸ்டில் நடந்த கிளர்ச்சியை அடுத்து வந்த போலீஸ் குழு, நான் கல்லூரியில் இருந்த வேளையில் என் வீட்டைச் சோதித்து நோட்டை எடுத்துச் சென்றது. ஊருக்கு இத்தனை கிளர்ச்சிக்காரர்கள் என்று அந்தப் பக்கத்தைப் படித்தார்கள். சுயம்புவைப் பிடித்து, அமரவிளைக்கு நூற்றெண்பது உண்டா என்று கேட்டபோது, அவர் உண்டு என்றே சொல்லியிருக்கிறார். பதினொரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். இருமினால் ரத்தம் வந்தது. தை மாதம் இறந்தார்.

5. அந்தப் பதினொரு நாட்களில் இரண்டாம் நாளே என்னையும் நெய்யாற்றின்கரை ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். கையெழுத்து என்னுடையதா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். இவை ஊர்ப்பெயர்களா என்றார்கள். ஆம் என்றேன். எண் எதைக் குறிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். அடுத்த அறையில் ஒருவர் இருமுவது கேட்டது. யாரென்று தெரிந்தும் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டுவிட்டு அமரவிளை வழியாகவே பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன்.

6. ஐயா, நான் பேய் பிசாசை நம்புகிறவன் அல்லன். ஆனால் பட்டப்பகலில் என் வாசலில் சாக்கு இழுபடும் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன், யாரும் இல்லை. அவர் கொண்டுவந்த துத்தநாகத்தில் செய்த துண்டு இன்னும் மேசைமேல் இருக்கிறது. அதன் ஒரு முனையைத் தொட்டாலே, மின்சாரத்தைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் நகரும். என் கைச்சூடுதான் காரணம். தெரிந்தும் வெடுக்கென்று கையை எடுத்துவிடுகிறேன். எதிர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்து நூற்றெண்பது என்று ஒப்பிக்கும்போது ஜன்னலைச் சாத்துகிறேன். இந்த ஆண்டு ஓர் அளவுகூட எடுக்கவில்லை.

7. சுயம்பு இறந்தபின்னும், மீதி ஆட்களின் பெயரைக் கேட்டு அவர் மனைவி விஜயம்மாவிடம் மாதந்தோறும் விசாரணைக்கு வருகிறார்கள். சென்ற மாதம் அந்த அம்மாள் நடந்தே என் வீட்டுக்கு வந்தார். என்னைத் திட்டத்தான் வந்தார் என்று எண்ணினேன். அவரோ, "சாரே, அந்த நூத்தியெம்பது பேரும் எங்க போனாவ? அடக்கத்துக்கு ஒருத்தனாவது வந்திருக்கப்படாதா?" என்று கேட்டார். போலீசார் கேட்டுக் கேட்டு அவரே அதை நம்பிவிட்டார். கணவர் தம்மிடம் மறைத்துவிட்டார் என்றும் வருந்தினார். நான் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

8. ஆகவே, என்னைத் தங்கள் முன் அழைக்க வேண்டுகிறேன். ஒரு விளக்கு, கொஞ்சம் ஐஸ், அந்தத் துண்டு, கால்வனாமீட்டர் ஆகியவற்றை நானே கொண்டுவருகிறேன். பத்து நிமிடத்தில் நூற்றெண்பது என்ன என்பதைத் தாங்களே கண்ணால் காணலாம். சுயம்புவின் பெயரைக் குற்றப் பதிவிலிருந்து நீக்கி, விஜயம்மாவிடம் விசாரிப்பதை நிறுத்த உத்தரவிட வேண்டும். உண்மையை மறைத்ததற்காக என்மேல் எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன். நோட்டு எனக்குத் திரும்ப வேண்டாம்.

9. இன்னும் ஒரே ஒரு விண்ணப்பம். அன்று விஜயம்மாவையும் அங்கே வரவழைக்க வேண்டும். அப்படி நூற்றெண்பது பேர் யாரும் இருந்ததில்லை என்பதை அவர் என் வாயாலேயே கேட்க வேண்டும். அமரவிளை இங்கிருந்து தூரமில்லை. மூன்று முறை புறப்பட்டு, மூன்று முறையும் பாதி வழியில் திரும்பிவிட்டேன். சம்மன் வந்தால் வந்தே ஆக வேண்டும் அல்லவா? தயவுசெய்து எனக்குச் சம்மன் அனுப்புங்கள்.

இடம்: பாறசாலை
நாள்: 14-11-1955

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ய. நேசையன்