உன் பெயரில் ஒரு பீர்

அன்புள்ள சேகர் மாப்ள,

அன்பு என்ற சொல்லை மரியாதைக்காகப் போடவில்லை. அது இருப்பதால்தான் இவ்வளவு கோபம். நீ போய் ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. நாம் இருவரும் சேர்ந்து நடத்திய இந்த இணையப் பக்கத்தில் அதன்பின் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நம் பீர் விமர்சனங்களைப் படித்துவந்தவர்கள் "அடுத்தது எப்போ சார்?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். இன்று எழுதுகிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன், அவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. கருங்குழியில் உன் காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்துகொண்டு உன் பெரியப்பா மகன் என்ன சொன்னான் தெரியுமா? "மாசா மாசம் பாண்டிக்குப் போயி குடிச்சிட்டு வருவான்ல, வேற இன்னா ஆவும்?" பக்கத்தில் இருந்தவர், "அது இல்லப்பா, அணு நிலையத்துல வேல, அதான்" என்றார். ரத்தத்தில் வந்த புற்றுக்குக் காரணம் தெரியாது என்று டாக்டரே சொன்னது இந்த இரண்டு நிபுணர்களுக்கும் போதவில்லை. மாதத்துக்கு ஒருமுறை இரண்டு சின்ன கிளாஸ், மூன்றாவதைத் தொடாத மனிதன் நீ. அப்படிச் சொன்னவன் அன்று மாலையே எந்தக் கடை வாசலில் நின்றான் என்பது எனக்குத் தெரியும். அவனோடு இன்றுவரை பேசவில்லை. நான் பேசாதவர்களின் வரிசை உனக்குத் தெரியும். என்னைத் தாண்டி என் ஜூனியரைத் துறைத் தலைவராக்கிய கல்லூரி முதல்வருக்கு அடுத்தபடியாக அவனை நிறுத்தியிருக்கிறேன்.

அந்த வரிசையில் எல்லாருக்கும் முன்னால் நிற்பவன் யார் என்பதும் உனக்குத் தெரியும். ஆனால் படிப்பவர்களில் புதியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ என் தங்கை கலாவின் கணவன். கல்பாக்கத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நான் திருப்போரூர்ப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரி எல்லையைத் தாண்டி, தாங்களே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக்கொடுக்கும் கடைகளுக்குப் பஸ்ஸில் போவோம். குடித்துவிட்டு வண்டியைத் தொடக்கூடாது என்பது உன் சட்டம். இன்னொரு சட்டமும் உன்னுடையதுதான். கிளாஸ் கைக்கு வந்ததிலிருந்து, திரும்பும் பஸ்ஸில் மரக்காணம் உப்பளம் கண்ணில் படும்வரை, குடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. முதலில் பேசுகிறவன் அடுத்தவன் நாக்கையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவான் என்பாய். வெள்ளைக் குவியல்கள் தெரிந்ததும் நீ பத்துக்கு ஒரு மார்க் சொல்வாய், நான் ஒரு மார்க் சொல்வேன். சொன்னதை மாற்றக்கூடாது. அதைத்தான் இங்கே எழுதுவோம்.

எழுதும் தமிழையும் நீதான் கொடுத்தாய். "பேஷன் ஃப்ரூட் வாசனைன்னு போட்டிருக்கானுங்க. நம்மள்ல எவன் அத்த தின்னான்? நாரத்தங்காய்த் தோலக் கிள்ளினா வர்ற வாசனைன்னு எழுது மச்சான்" என்றாய். கறுப்புப் பீருக்கு, வறுத்த வேர்க்கடலையின் தோலை ஊதும்போது வரும் வாசனை. கோதுமைப் பீருக்கு, வாழைப்பழச் சீப்பில் கறுப்புப் புள்ளி விழும் நாளின் வாசனை. ஆயிரம் பேர் படித்த விமர்சனங்கள் அவை. உன் உத்தியோகத்தை உத்தேசித்து என் பெயரில் மட்டும் வந்தன. திட்டும் எனக்கு மட்டும் வந்தது.

சரி, அவன் கதைக்கு வருகிறேன். முரளி. செய்யூரில் சவுக்குத் தோப்பு வைத்திருந்த குடும்பம். வெளிநாட்டில் இதற்கென்றே படித்துவிட்டு வந்து எல்லைக்கு அந்தப் பக்கம் கடை போட்டான். நம்ம பக்கத்துப் பையன் என்று ஆசையாகப் போனோம். அவன் பெருமையாக ஊற்றிக்கொடுத்த பீரில் உருக்கின நெய்யின் வாசனை. சுற்றிலும் எல்லாரும் ஆகா என்றார்கள். நம் ஜனத்துக்கு நெய் வாசனை வந்தால் போதாதா? உப்பளம் வந்ததும் நீ சொன்னாய்: "நெய்யி மைசூர்பாகுல இருக்கட்டும் மச்சான். பீர்ல இருந்தா அது அவசரம். புளிக்க வைக்கற ஈஸ்ட்ட வேல முடிக்க வுடாம இறக்கிட்டான்."

நீ சொன்னதை அப்படியே எழுதினேன். அடுத்த முறை போனபோது, எல்லா மேஜைக்கும் கேட்கும்படி அவன் வரவேற்றான். "வாங்க சார், வாங்க! கவர்மெண்ட் கடையில நின்னுக்கினு குடிச்ச நாக்கு, இதெல்லாம் எங்க புரியப்போவுது? ஸ்ட்ராங்கா ஒண்ணு வெளியில வாங்கியாரச் சொல்லட்டா?"

மேஜைகள் சிரித்தன. நீயும் சிரித்தாய், பார்த்தேன். இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று பஸ் நிறுத்தத்தில் நான் சொன்னபோது நீ தலையாட்டினாய். ஆட்டினாயா இல்லையா?

போன மாதம் கலா போன் செய்தாள். "அண்ணா, முரளி அவரு பேர்ல ஒரு பீர் வுடறான். சேகர்னே பேரு. நீ வந்து குடிச்சிப் பாத்து எழுதணுமாம். நீ எழுதனாத்தான் விப்பானாம்."

"உனக்கு மூளை கீதா? செத்தவன் பேர வச்சி யாவாரம் பண்றான். நீ சரின்னுட்டு வந்து நிக்கற?"

"நான்தான் சரின்னேன். வரியா, இல்லியா?"

"வரமாட்டேன்."

"அப்போ நானே போயி குடிச்சிட்டு வந்து உன் பக்கத்துல எழுதறேன். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்."

போனேன். எதற்குப் போனேன் என்பதை மறைக்கமாட்டேன். கிழிக்கப் போனேன். நான் எழுதாமல் விற்கமாட்டான் என்றால், இத்தனை வருடம் கழித்து அவன் குடுமி என் கையில். பஸ்ஸிலேயே முதல் வரி தயாராகிவிட்டது: 'இறந்தவர் பெயரில் நுரை தள்ளும் வியாபாரம்.' மார்க் மூன்று. பீரைக் குடிப்பது ஒன்றுதான் பாக்கி.

மத்தியான வெயில். கடையில் கூட்டம் இல்லை. நானும் கலாவும் உட்கார்ந்ததும் பரிமாறுகிறவன் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான்: "மூணாம் டேபிளுக்கு ரெண்டு சேகர்!"

எனக்குக் காது சுட்டது. கலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். நீ போனபின் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "அவரு கேட்டிருந்தா இன்னும் ரெண்டு தபா சொல்லுடான்னு இருப்பாருண்ணா" என்றாள்.

கிளாஸ் வந்தது. வெளுத்த தேன் நிறம். முகர்ந்தேன். நெய்யைத் தேடினேன். கிளாஸைக் கையால் மூடி, சூடேற்றி, மறுபடி முகர்ந்தேன், நீ செய்வதுபோல. இல்லை. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்த தனியாவின் வாசனை லேசாக இருந்தது. கசப்பு நாக்கின் ஓரத்தில் மணத்தக்காளி வற்றல்போல வந்து நின்றது. பின் சொல்லாமல் கிளம்பியது. விழுங்கியபின் வாய் சுத்தமாக இருந்தது. இன்னொரு வாய் வேண்டும்போல இருந்தது. அது எனக்கு எவ்வளவு ஆத்திரத்தைக் கொடுத்தது என்று உனக்குப் புரியுமா?

முரளி வந்தான். உட்காரவில்லை. பழைய திமிரைக் காணோம். "சார், நெய்யி கீதா?" என்றான், மெதுவாக.

நான் பதில் சொல்லவில்லை. சட்டம் ஒரு பக்கம். அவனோடு பேசுவதில்லை என்பது இன்னொரு பக்கம். அவனே பேசினான்.

"சேகர் சாருதான் சரி பண்ணாரு. மருந்து ஏத்திக்கினு இருந்தாரே, அப்போ. நடுவுல ஒடம்பு தேவலாம்னா அக்கா கூட்டியாருவாங்க. மொதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணாரு. அப்பறம் பீர் புளிக்கற டேங்க் பக்கத்துல சேர் போட்டு உக்காந்துக்குவாரு. கடைசில கொஞ்சம் சூடு ஏத்தி இன்னும் ரெண்டு நாளு வுட்டுப் பாரு, ஈஸ்ட்டே அந்த நெய்ய தின்னுடும்னாரு. எனக்கும் படிச்சதுதான் சார். டேங்க் சும்மா நிக்குதேன்னு அவசரப்பட்டு இறக்கிக்கினு இருந்தேன். ஜனமும் நெய்யி சூப்பர்னு சொல்லவே, அப்டியே வுட்டுட்டேன்."

நான் கலாவைப் பார்த்தேன். அவள் மேஜையைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? அவரையும் அந்த வரிசையில நிறுத்தியிருப்ப." கிளாஸை ஓரமாக நகர்த்திவிட்டு அவளே சொன்னாள்: "மருந்துல அவருக்கு வாய் செத்துப்போச்சிண்ணா. எதக் குடுத்தாலும் இரும்பு மாதிரி கீதுன்னாரு. மூக்கு மட்டும்தான் மிச்சம். வூட்டுல நானு, மாமியா, புள்ளைங்க, அல்லாரும் சாப்புடு சாப்புடுன்னு உயிர வாங்கிக்கினு இருந்தோம். அங்க போனா யாரும் சாப்புடச் சொல்லல. அதான் போனாரு."

முரளி சொன்னான்: "ருசி என்னான்னு என்னால சொல்ல முடில, மச்சான் வந்து சொல்லட்டும்னாரு. அவரு நல்லா கீதுன்னா வித்துக்கோ, இல்லன்னா கீழ ஊத்திடுன்னாரு. அதான் சார், இன்னும் விக்கல. உங்களக் கூப்புட இத்தினி நாளு தெகிரியம் வரல; இது இப்ப புதுசா காய்ச்சனது."

எனக்கு அழுகை வரவில்லை மாப்ள. கிளாஸைத் தூக்கிச் சுவரில் அடிக்கத் தோன்றியது.

ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் இந்த முரளியைத் திட்டியிருக்கிறேன். உனக்குப் பொழுது போகட்டும் என்றுதான் திட்டினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். சில நாள் சிரித்தாய். எதற்குச் சிரித்தாய்? முந்தின வாரம் அவன் டேங்க் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தவன், அன்றைக்கு என்ன நினைத்துக்கொண்டு சிரித்தாய்? உப்பளம்வரை வாயைத் திறக்காமல் இருக்க என்னைப் பழக்கியவன் நீ. உனக்கு மட்டும் எந்த உப்பளமும் வரவே இல்லையா?

எனக்கு இருந்த சிநேகிதன் நீ ஒருவன்தான். அந்த ஒருவனும் என்னைப் பார்த்துப் பயந்தானா? ஊரில் எவன் பயந்தாலும் எனக்குக் கவலை இல்லை. நீ எதற்குப் பயந்தாய்? "மச்சான், அங்க போனா எனக்குக் கொஞ்சம் நல்லா இருக்கு" என்று ஒரே ஒரு வாக்கியம். கத்தியிருப்பேன், ஒப்புக்கொள்கிறேன். கத்திவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கமாட்டேனா? போயிருப்பேனா? இதற்குப் பதில் தெரியாமல் பண்ணிவிட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கலா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நான் பேசவில்லை, அவளும் பேசவில்லை. 'இறந்தவர் பெயரில்' என்று தொடங்கும் அந்த வரியை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். நான் கொடுக்கும் மூன்று மார்க்கில் அவனுடைய ஒரு டேங்க் பீர் சாக்கடைக்குப் போகும். நீ அங்கே உட்கார்ந்த நாட்களும் அதோடு போகும். போகட்டுமே, என்னைக் கேட்டா உட்கார்ந்தாய்?

உப்பளம் வந்தது. "சொல்லு" என்றாள் கலா. அவளுக்கும் சட்டம் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் இன்னும் யார் யாருக்கு என்னென்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

மூன்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எட்டு" என்று வந்தது.

"நான் ஒம்போது" என்றாள்.

"உனக்கு இன்னா தெரியும்?"

"அவரு பொண்டாட்டிண்ணா நான்."

ஆகவே படிப்பவர்களுக்கு: எட்டு. சொன்ன மார்க்கை மாற்றுவதில்லை. முரளி, நீயும் இதைப் படிப்பாய். விற்றுக்கொள். நாக்கைப் பற்றி நீ அன்று சொன்னதை நான் மறக்கவில்லை. எட்டு மார்க் பீருக்கு, உனக்கு இல்லை.

மாப்ள, உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கடிதம் அழகாக முடியும். மன்னிக்கவில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். காய்ச்சுகிறவன் கை கொஞ்ச நாளில் சோம்பல்படும்; கூட்டம் சேர்ந்தால் அவசரப்படும். மாதம் ஒருமுறை போய்க் குடித்துப் பார்ப்பேன். நான் கூப்பிடவில்லை, கலா தானும் வருவேன் என்கிறாள். அந்த நெய் வாசனை என்றைக்குத் துளி திரும்பி வந்தாலும், அன்றைக்கே 'இந்த மாதம் சேகர் சரியில்லை' என்று இதே பக்கத்தில் எழுதுவேன். உன் பெயராயிற்றே என்று பார்க்கமாட்டேன். நீ சொல்லாமல் விட்டதற்கெல்லாம் சேர்த்து எழுதுவேன்.

இப்படிக்கு,
நீ பயந்த உன் மச்சான்,
கலாவின் அண்ணன்.