மூங்கில் தட்டியில் பிடித்த தீ

குழந்தை வேலப்பர் துணை

பூம்பாறை,
மாசி கடைசி

அன்பு மகள் ரேவதிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி காவ்யாவும் மெல்போர்ன் வெயிலில் உடம்பு கெடாமல் இருக்க வேண்டும் என்று வேலப்பரிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அம்மாவின் கை ஆறிக்கொண்டு வருகிறது. பூண்டு பிடுங்கி முடிந்தது, காய்கிறது. போனில் பேசினால் நீ அழுவாய், அழுகையைக் கேட்டதும் நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு "சரி தாயி, விடு" என்று வைத்துவிடுவேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

போன தடவை லீவில் வந்தபோது, டூரிஸ்ட்டுக்கு விடுகிற நம் இரண்டு ரூமுக்காக அந்தக் கரி அடுப்பை வாங்கி வைத்தாயே, அன்றைக்கு நீ என்னைப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். சுவரை விட்டுப் பத்தடி தள்ளி, மேலே கூரையோ கிளையோ இல்லாத இடத்தில் வைக்க வேண்டும், சுற்றிலும் சருகைக் கூட்டிவிட வேண்டும், மண் வாளியும் தண்ணீர் வாளியும் கைக்கு எட்ட இருக்க வேண்டும், காற்றடிக்கிற நாளில் பற்றவே வைக்கக் கூடாது, முடிந்த பிறகு கரியில் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட வேண்டும். "இங்க காட்டுத்தீயக் கண்ணால பாத்தவப்பா நான், வெளையாட்டு இல்ல" என்றாய். நீ சொன்னபடியே முற்றத்துக்குக் கீழே கல் பரப்பி இடம் ஒதுக்கினேன். வந்தவர் யாரானாலும் அங்கேதான் அடுப்பு எரிந்தது.

அன்றைக்கு வந்தவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள், சின்னப் பிள்ளைகளோடு. சாயங்காலம் காற்று தூக்கி அடித்தது. இன்றைக்கு வேண்டாம், கறியைக் கொடுங்கள், அம்மா நம் அடுப்பிலேயே வறுத்துத் தருவாள் என்றேன். பிள்ளைகளுக்குக் குளிருகிறது, ரூம் வாசலில் கூரை போட்ட சிட்-அவுட்டில் ஓரமாக வைத்துக்கொள்கிறோம் என்றார் அவர். நான் முடியாது என்றதும் உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வாளியோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். "அவரு வாட்ச்மேன்தாங்க. வயசானவரு, எதுக்கெடுத்தாலும் பயப்படுவாரு. நீங்க சிட்-அவுட்லயே போட்டுக்குங்க" என்றாய். உன் குரல்தானா என்று ஒரு நிமிஷம் சந்தேகமாக இருந்தது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு வரப்பில் போய் நின்றேன். அம்மா அடுப்படியில் இருந்ததால் அவள் காதில் விழவில்லை.

கறிக் கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்ப, காற்று அதைத் தூக்கி சிட்-அவுட்டின் மூங்கில் தட்டியில் போட்டுவிட்டது. பதறிப்போய் யாரோ வாளித் தண்ணீரை எரிகிற கொழுப்பிலேயே ஊற்ற, அது இன்னும் குபீரென்று எழும்பியது. பிள்ளைகள் அலறியதைக் கேட்டு நான் ஏறி வருவதற்குள் கூரைப் பலகை பிடித்துக்கொண்டது. உன் அம்மா ரூமுக்குள் இருந்த கேஸ் சிலிண்டரை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள், எரிந்த தட்டி அவள் வலது கைமேல் சரிந்தது. பக்கத்துத் தோட்டத்து ஞானவேல் வீட்டு ஆட்களோடு ஓடி வந்து சாக்கை நனைத்து அடித்தான். கீழ்ச்சரிவுப் புல்லும் பிடித்தது, இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் காட்டுக்குள் போயிருக்கும். கொடைக்கானலிலிருந்து தீயணைப்பு வண்டி வருவதற்குள் அணைத்துவிட்டோம்.

அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். தன் காரிலேயே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், கட்டுப் போடும்வரை நகரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓனர் மேடம் சொன்னாங்கன்னுதான் செஞ்சோம்யா. இதனால உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிராதே? நான் வேணா அவங்ககிட்டப் பேசட்டுமா?" என்று கேட்டார். வேண்டாங்க என்று மட்டும் சொன்னேன். காவல் வேலை கேவலமில்லை தாயி. ஆனால் "எங்கப்பா சொன்னாக் கேட்டுக்கங்க" என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் அந்த அடுப்பு எரிந்திருக்காது.

அதற்கு மேலே மறுநாள் வெள்ளனே போன் பண்ணினாய். அம்மாவை விசாரித்தாய், அழுதாய், எல்லாம் சரி. அழுகை அடங்குவதற்குள், "ஃபயர் ஸ்டேஷன்ல கேட்டா நீங்களே பத்த வச்சதாச் சொல்லிருங்கப்பா, இல்லேன்னா லைசென்ஸ் போயிரும்" என்றாய். ரேவதி, தீயில் வெந்தது அம்மாவின் கை. நான் வெந்து போனது உன்னுடைய அந்த வார்த்தையில்தான். நான் அப்படிச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன், அனுமதி கொடுத்தது என் மகள் என்றும் சொன்னேன். ரூம் இரண்டையும் பூட்டச் சொல்லிவிட்டார்கள். உனக்குக் கோபம் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ அனுமதி கொடுத்தது அம்மாவுக்கு இன்னும் தெரியாது. கட்டுப் பிரிக்க வரும் நர்ஸிடமெல்லாம், "எம் மக மட்டும் இங்க இருந்திருந்தா அவங்கள அடுப்பத் தொடவே விட்டிருக்க மாட்டா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். என் வாயால் அதை அவளிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை, நீதான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, இடது கையால் போனைப் பிடித்துப் பேசுகிறாள். சுற்றி வளைக்காமல் வெரசாச் சொல்லிவிடு.

உங்கள் வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டும்போது காவ்யாவைக் கிட்டே விடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், அந்த வேண்டுதலில் மட்டும் எனக்கு ஒரு மாற்றமும் இல்லை.

உன் அப்பா,
பொன்னுச்சாமி