கடைசித் தாயும் வந்த பிறகு

போன வாரம் கட்டிலுக்கு அடியிலிருந்து உன் ஸ்பீக்கர் பெட்டியை வெளியே இழுத்தேன். தூசியைத் துடைத்ததும் மேல்பலகையில் பாலிஷ் போய் வெளுத்த இடம் தெரிந்தது. பிள்ளைகள் கை வைத்து வைத்துத் தேய்ந்த இடம். துணியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இவ்வளவு காலமாகியும் உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தெரியுமா?

விடியுமுன் மலை மெட்டு ஏறி ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்கள், தூக்கம் கலையாத பிள்ளைகளை நம் பால்வாடியில் விட்டுவிட்டு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப் போவார்கள். சோறு ஊட்டுவதும் கால் கழுவிவிடுவதும் என் பாடு. பாட்டு உன் பாடு. போடி கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள் நீ. ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசித்துப் பிடித்த பித்து அது. சினிமாப் பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை உட்காரவைத்து, செவிடான பிறகும் இசை எழுதிய அந்த ஜெர்மன்காரரின் கதையைச் சொன்னாய்.

"அந்தத் தாத்தாவுக்குக் காது கேக்காது. பியானோ மேல கைய வச்சுத்தான் கேப்பாக. நீங்களும் வச்சுப் பாருங்க."

அவ்வளவுதான், எல்லாம் பெட்டியை மொய்த்துக்கொண்டன. செல்வி மட்டும் கையோடு கன்னத்தையும் சேர்த்து வைப்பாள். அவள் அம்மா பேச்சியம்மா ஒருநாள் வாசலில் நின்று கேட்டாளே: "ஏன் டீச்சர், இதென்ன எழவு வீட்டுல இழுக்குற மாதிரி இழுக்குது? நல்லதா ஒரு சாமி பாட்டுப் போடக்கூடாதா?"

"ஒம் மக கேக்குறா. ஒனக்கு என்ன ஆத்தா?" என்று மடக்கினாய். வாயில் வெற்றிலையோடு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சாயங்காலம் ஜீப் வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது ஹாரன் அடிக்கும். கேட்டதும் அவருடைய மெதுவான பியானோ இசை ஒன்றைப் போடுவாய். அது முடிவதற்குள் தாய்மார் ரோட்டிலிருந்து நடந்து வந்துவிடுவார்கள். ஏலக்காய் வாசனை முதலில் வரும், பின்னால் அவர்கள். நாளாக ஆகப் பிள்ளைகள் ஹாரனை மறந்தே போனார்கள். பியானோ கேட்டால் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். "பாத்தியாடி, இதுகளுக்கு அந்தத் தாத்தாவத் தெரிஞ்சுபோச்சு" என்று உனக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

அந்த மழை நாளில் ஹாரன் கேட்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. ஒன்று அழ, எல்லாம் அழுதன. எப்படியும் ஜீப் வரத்தானே போகிறது என்று, அழுகையை அடக்க நீ அதைப் போட்டாய். பட்டென்று அடங்கிவிட்டார்கள். பைகளை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். இசை முடிந்தது. மறுபடி போட்டாய். மறுபடியும். ஒரு பிள்ளைகூட உட்காரவில்லை. மெட்டு வளைவில் ஜீப் உருண்டுவிட்டது என்று டீக்கடைக்காரர் ஓடி வந்து சொன்னபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. மற்ற பெண்கள் கை கால் ஒடிந்து பிழைத்துக்கொண்டார்கள். பேச்சியம்மா போய்விட்டாள். தூக்கிப்போக வந்த அத்தையின் தோளில் கிடந்த செல்வி, வீட்டுக்குப் போகமாட்டேன் என்று நம் வாசலைக் காட்டிக் காட்டி அழுதாள்.

"வந்துட்டாகன்னு அதுககிட்டப் பொய் சொல்லிட்டேன்டி" என்றாய் நீ. மழையும் வளைவும் செய்ததற்கு உன்னை ஏன் குற்றம் சொல்லிக்கொள்கிறாய் என்று நான் கத்தாத நாளில்லை. கேட்டாயா? பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாய். அதோடு பால்வாடியில் பாட்டு நின்றது.

மார்பில் கட்டி வந்து மதுரை ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது, ஆறுதலாக இருக்கட்டுமே என்று என் போனில் அதைப் போட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். "நிறுத்துடி. வாசல்ல யாரும் வரல." அதற்கப்புறம் நீ என்னிடம் தண்ணீர் கேட்டாய், போர்வை கேட்டாய். இசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்படியே போய்விட்டாய். அந்தக் கோபம்தான் எனக்கு.

பெட்டியை எடுத்த அன்று நல்ல மழை. ஜீப் சீக்கிரம் இறங்கிவிட்டது. கடைசித் தாயும் உள்ளே வந்து தலை துவட்டிய பிறகு, கதவைச் சாத்திவிட்டுப் போட்டேன். ஈரச் சேலையும் ஏலக்காய் வாசனையுமாகப் பெண்கள் கீழே உட்கார்ந்தார்கள். ஒருத்தி பிள்ளையை மடியில் போட்டபடி தூங்கியே போனாள். தாய்மார் உட்கார்ந்து கேட்டு நீ பார்த்ததில்லை. அவர்கள் வந்ததும் நிறுத்திவிடுவாயே.

அத்தை மகனைக் கூட்டிப்போக வந்த செல்வியும் அங்கே இருந்தாள். நாலாம் வகுப்பு படிக்கிறாள் இப்போது. அவளைப் பார்த்ததும் எழுந்தேன். நிறுத்தப் போனேன். அதற்குள் அவள் வந்து பலகையில் கை வைத்துவிட்டாள்.

"டீச்சர், இது முடிஞ்சா யாரு வருவாக?"

நீ இருந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பாய். நானும் ஓடத்தான் நினைத்தேன்.

"யாரும் வரமாட்டாகடி. சும்மா கேளு."

அன்றிலிருந்து அந்தப் பதிலைத்தான் உனக்கும் சேர்த்துச் சுமந்துகொண்டிருக்கிறேன். செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாசலைப் பார்க்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.